முதலில் கட்டை, பிறகு டோன்

இசைக் கருவிக் கடைக்குள் நுழைகிறவர் முதலில் கேட்பது, ‘இதில் எத்தனை டோன் இருக்கு, எத்தனை ரிதம் இருக்கு?’ என்பதுதான். மெல்லிசைக் குழுக்களும் தேவாலயப் பாடகர் குழுக்களும் பல ஆண்டுகளாக அரேஞ்சர் கீபோர்டிலேயே பழகிவிட்ட தமிழ்நாட்டில் அது இயல்பான கேள்வி. அந்தக் கருவியில் இடது கை ஒரு கார்டைப் பிடித்தால் டிரம்ஸும் பேஸும் கிட்டாரும் கூடவே வந்துவிடும். அங்கே டோனும் ரிதமும்தான் சரக்கு.

இதே கேள்வியோடு டிஜிட்டல் மேடைப் பியானோவின் முன்னால் நிற்பவருக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். 2019-ல் வெளிவந்த யமஹா சி.பி. 88 என்ற கருவியைப் பாருங்கள். 88 கட்டைகள், 18.6 கிலோ எடை. இடது கைக்குத் துணையாகத் தானே வாசிக்கும் ரிதம் இதில் கிடையாது. ஸ்பீக்கரும் கிடையாது. மிக்சரிலோ ஆம்ப்ளிஃபயரிலோ ஹெட்போனிலோ இணைக்காமல் ஆன் செய்தால் கட்டை தட்டும் சத்தம் மட்டுமே கேட்கும். இதில் உள்ளதைவிடப் பல மடங்கு டோன்கள் சில ஆயிரம் ரூபாய் கீபோர்டிலேயே கிடைக்கின்றன. இருந்தும் இதன் விலை லட்சத்தைத் தாண்டுகிறது.

அந்தப் பணம் கட்டைக்கும், பெடலுக்கும், ஒலி வெளியேறும் வழிக்கும் போகிறது. மேடைப் பியானோவைப் பழகத் தொடங்குபவரும் இந்த வரிசையிலேயே போவது நல்லது. பெரும்பாலோர் தலைகீழாகப் போகிறார்கள். முதல் நாளே டோன் பட்டியலைப் புரட்டி, வயலினையும் புல்லாங்குழலையும் தேடிப்பிடித்து, இரண்டு டோன்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்க்கிறார்கள். மூன்று மாதம் கழித்தும் அவர்கள் கையில் மெலிதாக வாசிக்க ஒரு விரல்கூடப் பழகியிருக்காது.

பியானோ பிறந்த கதையே தொடுகையின் கதை. 1700-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரில் பார்த்தொலொமெயோ கிறிஸ்டோஃபோரி இதை உருவாக்கினார். அதற்கு முன்பு அரண்மனைகளில் ஒலித்த ஹார்ப்சிகார்டில் கட்டையை அழுத்தினால் ஒரு சிறு முள் தந்தியை மீட்டும். மெல்ல அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒலியின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். கிறிஸ்டோஃபோரி முள்ளை எடுத்துவிட்டுச் சுத்தியலை வைத்தார். விரலின் வேகத்துக்கு ஏற்பச் சுத்தியல் பறந்து தந்தியை அடித்துவிட்டு உடனே விலகிக்கொள்ளும். மெலிதும் வலிதும் வாசிப்பவரின் விரலுக்கு வந்தன.

டிஜிட்டல் பியானோவில் தந்தி இல்லை. ஆனால் நல்ல கருவிகளில் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் சிறு எடையுள்ள சுத்தியல் ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. விரலுக்குப் பாரம் தெரிவதற்காக. இடப்பக்கக் கட்டைகள் கனமாகவும் வலப்பக்கம் போகப்போக லேசாகவும் இருக்கும். அசல் பியானோவில் மந்திர ஸ்தாயியின் சுத்தியல்கள் பெரியவை என்பதால் இந்த ஏற்பாடு. சி.பி. 88-ல் வெள்ளைக் கட்டைகளை மரத்திலேயே செய்திருக்கிறார்கள்.

கட்டைக்குக் கீழே நடப்பது நுட்பமானது. அங்கே இரண்டு தொடுபுள்ளிகள் இருக்கும். சில கருவிகளில் மூன்று. கட்டை இறங்கும்போது முதல் புள்ளி தொடப்படுகிறது, அடுத்த கணம் இரண்டாவது. இந்த இரண்டுக்கும் நடுவே கழிந்த நேரத்தைத்தான் கருவி அளக்கிறது. நேரம் குறைந்தால் விரல் வேகமாக வந்தது என்று பொருள். அந்த வேகம் 1 முதல் 127 வரை ஓர் எண்ணாக மாறுகிறது. எந்தப் பதிவை எடுத்து எவ்வளவு உரக்க ஒலிக்க வேண்டும் என்பதை அந்த எண் தீர்மானிக்கிறது. மெலிதாக வாசித்த பியானோவின் பதிவு வேறு, ஓங்கி அடித்த பியானோவின் பதிவு வேறு. ஒலியின் அளவோடு அதன் நிறமும் மாறுவது இதனால்தான்.

இதை அறிய ஒரு எளிய சோதனை போதும். பியானோ டோனை வைத்துக்கொண்டு நடு ஸ்தாயி ‘சி’ கட்டையை மிக மிக மெதுவாக அழுத்துங்கள். ஒலியே வராது. அசல் பியானோவிலும் அப்படித்தான். சுத்தியல் தந்தியை எட்டும் வேகம் வேண்டும். அடுத்த முறை சற்றே வேகம் கூட்டுங்கள். ஒலி எட்டிப் பார்க்கும் அந்த எல்லையைக் கண்டுபிடித்துவிட்டு, அங்கிருந்து படிப்படியாக ஏறி, எட்டு வெவ்வேறு அளவுகளில் அதே ஸ்வரத்தை ஒலிக்கச் செய்து பாருங்கள். லேசான கட்டையுள்ள கீபோர்டிலிருந்து வந்தவருக்கு மூன்று அளவுகளுக்கு மேல் பிரிக்க முடியாமல் போகலாம். அந்த ஒரு கட்டையில் செலவிடும் பத்து நிமிடம் நூறு டோன்களைக் கேட்பதைவிடப் பயன் தரும்.

செட்டிங்கில் ‘டச்’ என்றொரு பகுதி இருக்கும். லைட், நார்மல், ஹெவி என்று அளவுகள் இருக்கும்; ‘ஃபிக்ஸ்ட்’ என்பதும் இருக்கும். ஃபிக்ஸ்டில் வைத்தால் எப்படி அழுத்தினாலும் ஒரே அளவு ஒலிதான். கிறிஸ்டோஃபோரிக்கு முந்தைய காலத்துக்குக் கருவி போய்விடும். பழைய ஆர்கன் டோனுக்கு அது பொருந்தும், பியானோ டோனுக்குப் பொருந்தவே பொருந்தாது. கை வலிக்கிறது என்று முதல் வாரத்திலேயே லைட்டுக்கு மாற்றிக்கொள்வதும் நல்லதல்ல. அந்த அளவைக் குறைத்தாலும் கட்டையின் பாரம் குறையாது. குறைந்த வேகத்துக்கே உரத்த ஒலி வரும், அவ்வளவுதான். விரல் பழகவேண்டியதைக் கருவி மறைத்துவிடும். சில மாதம் நார்மலிலேயே வாசித்துவிட்டு, பிறகு தன் கைக்கு ஏற்ப மாற்றிக்கொள்வதே முறை.

அடுத்தது பெடல். இதில் நடக்கும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல.

சின்னப் பெட்டி போன்ற பெடல்கள் வெறும் சுவிட்ச். மிதித்தால் ஒலி நீளும், விட்டால் நிற்கும், நடுநிலை இல்லை. நல்ல மேடைப் பியானோவோடு வரும் பெடல் அசல் பியானோவின் பெடலைப் போலக் காலின் ஆழத்தை அறியும். பாதி மிதித்தால் ஒலி பாதி அடங்கும். பெட்டிப் பெடலோடு பல ஆண்டு பழகியவர்கள் இந்தப் பாதி மிதிப்பைக் கண்டுகொள்வதே இல்லை. அதற்கென்றே காசு கொடுத்திருக்கிறார்கள் என்பதும் தெரியாது.

இன்னொரு தொல்லை அடிக்கடி வரும். காலை எடுத்தால் ஒலி நீள்கிறது, மிதித்தால் நிற்கிறது. பெடல் கெட்டுவிட்டது என்று பலர் புதிது வாங்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது கெட்டிருக்காது. யமஹா, கோர்க் பெடல்களின் சுவிட்ச் இணைப்பு ஒரு விதம். ரோலண்டின் இணைப்பு அதற்கு நேர் எதிர். பல கருவிகள் ஆன் ஆகும் கணத்தில் பெடல் எந்த நிலையில் இருக்கிறதோ அதையே ‘மிதிக்காத நிலை’ என்று எடுத்துக்கொள்ளும். பெடலில் கால் வைத்தபடி ஆன் செய்தால் எல்லாம் தலைகீழாகிவிடும். காலை எடுத்துவிட்டு, கருவியை அணைத்து மறுபடி ஆன் செய்தால் சரியாகிவிடும். அப்படியும் ஆகாவிட்டால் பெடலின் அடியில் திசை மாற்றும் சிறு சுவிட்ச் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

மிதிப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. புதிய கார்டு விழும் அதே நொடியில் கால் மேலே வர வேண்டும். விழுந்த பிறகு மறுபடி இறங்க வேண்டும். கையும் காலும் எதிரெதிராக நகரும் இந்தப் பழக்கம் வர சில வாரம் ஆகும். அது வராதவர்கள் ஒரு சரணம் முழுக்கப் பெடலை மிதித்தபடியே வாசிப்பார்கள். கான்கிரீட் கூரையும் டைல்ஸ் தரையுமாக எதிரொலிக்கும் மண்டபத்தில், கருவிக்குள் ரிவெர்பும் சேர்ந்துகொண்டால், பாட்டின் சொற்களே விளங்காது. அப்படிப்பட்ட இடத்தில் கருவியின் ரிவெர்பை முழுதாக அணைத்துவிடுவது நல்லது. ஹெட்போனில் கேட்கும்போது இனிமையாக இருந்த ரிவெர்ப் மண்டபத்தில் சேறாகிவிடும்.

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் ‘பாலிஃபனி’ என்ற எண்ணுக்கும் பெடலுக்கும் தொடர்பு உண்டு. ஒரே நேரத்தில் எத்தனை ஒலிகள் நீடிக்க முடியும் என்பதே அந்த எண். விலை குறைந்த கருவிகளில் 64, சி.பி. 88-ல் 128. பத்து விரலுக்கு 64 தாராளம் என்று தோன்றும். ஆனால் ஸ்டீரியோ டோனில் ஒரு ஸ்வரத்துக்கே இரண்டு ஒலிகள் செலவாகும், அதோடு ஸ்ட்ரிங்ஸையும் அடுக்கினால் இன்னும் கூடும். பெடலை மிதித்தபடி மேலிருந்து கீழ் வரை ஓடினால் முதலில் வாசித்த ஸ்வரங்கள் சத்தமில்லாமல் அறுந்துபோகும்.

மேடைப் பியானோ என்ற பெயருக்குக் காரணம் அதன் பின்பக்கத்தில் இருக்கிறது. அங்கே இரண்டு ஜாக் துளைகள் இருக்கும். ஒன்றில் ‘எல், மோனோ’ என்றும் மற்றொன்றில் ‘ஆர்’ என்றும் எழுதியிருக்கும். மண்டபத்தின் ஒலியமைப்பு மோனோவாக இருந்தால் ‘எல், மோனோ’ துளையில் மட்டும் வயரைச் செருக வேண்டும். ‘ஆர்’ காலியாக இருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டு பக்க ஒலியையும் கருவியே ஒன்றாக்கித் தரும். இரண்டிலும் வயரைச் செருகிவிட்டு மிக்சரில் ஒன்றை மட்டும் திறந்தால் பியானோவில் பாதிதான் கூட்டத்துக்குப் போகும். வலப்பக்க ஸ்வரங்கள் மட்டும் ஏனோ எடுபடவில்லையே என்று வாசிப்பவர் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருப்பார்.

மேடையிலிருந்து மிக்சர் தொலைவில் இருந்தால் சாதாரண வயரில் இரைச்சல் ஏறும். அதற்காகத்தான் டி.ஐ. பாக்ஸ். சி.பி. 88-ல் எக்ஸ்.எல்.ஆர். துளைகளே இருப்பதால் மைக் வயரையே நேராகச் செருகலாம். முதலில் கருவி, கடைசியில் ஸ்பீக்கர் என்று ஆன் செய்து, அணைக்கும்போது திருப்பிச் செய்ய வேண்டும். இதை மாற்றிச் செய்தால் எழும் ‘டப்’ சத்தம் ஸ்பீக்கரையே பதம் பார்த்துவிடும்.

தேவாலயத்தில் வாசிப்பவர்கள் முதல் நாளே பார்க்கவேண்டிய ஒன்று ‘ஆட்டோ பவர் ஆஃப்’. கொஞ்ச நேரம் யாரும் தொடாவிட்டால் கருவி தானாக அணைந்துவிடும். பல மாடல்களில் கம்பெனி வைத்து அனுப்புவது 30 நிமிடம். பிரசங்கம் நாற்பது நிமிடம் போய், போதகர் முடிவுப் பாட்டுக்குச் சைகை காட்டும்போது கருவி இருண்டு கிடக்கும். சேமிக்காமல் வைத்திருந்த அமைப்புகளும் போயிருக்கும். மெனுவில் அதை ஒருமுறை நிறுத்திவிட்டால் போதும்.

இவ்வளவும் கைக்கு வந்த பிறகு டோன்களுக்குப் போகலாம். அங்கேயும் கொஞ்சம் வரலாறு தெரிந்தால் காது தெளியும். எலெக்ட்ரிக் பியானோ டோன்களில் முக்கியமானது ரோட்ஸ். இரண்டாம் உலகப் போரின்போது ஹரோல்ட் ரோட்ஸ் என்ற அமெரிக்க ஆசிரியர், காயம்பட்டுப் படுத்திருந்த விமானப்படை வீரர்களுக்காக விமான உதிரிபாகங்களைக் கொண்டு சிறு பியானோக்களைச் செய்து கற்பித்தார். அந்த முயற்சியின் வழியில் வந்தது பின்னாளின் ரோட்ஸ். சுத்தியல் மெல்லிய உலோகக் கம்பியை அடிக்க, கிட்டாரில் உள்ளது போன்ற பிக்கப் அதை மின்னலையாக மாற்றும். மெலிதாக வாசித்தால் மணியோசை, ஓங்கினால் கரகரப்பு. இதை அறிந்தவர் அந்த டோனைப் பியானோவைப் போல இரு கை நிறைய கார்டுகளால் நிரப்ப மாட்டார். 1976-ல் யமஹா கொண்டுவந்த சி.பி. 70-ல் உண்மையான தந்திகளே இருந்தன. இரண்டாகப் பிரித்து வண்டியில் ஏற்றலாம். 1986-ல் ரோலண்டின் ஆர்.டி. 1000 வந்தபோது தந்தியும் இல்லாத டிஜிட்டல் பியானோ மேடை ஏறியது.

இப்படிப்பட்ட பழைய கருவிகளின் ஒலிகள் பல இன்றைய மேடைப் பியானோக்களின் டோன் பட்டியலில் இருக்கின்றன. சி.பி. 88-ன் முகப்பும் அப்படியே பிரிக்கப்பட்டிருக்கிறது: பியானோ ஒரு பகுதி, எலெக்ட்ரிக் பியானோ ஒரு பகுதி, ஸ்ட்ரிங்ஸ், ஆர்கன் போன்றவற்றுக்கு ‘சப்’ என்று மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் தனி சுவிட்ச். மெனுவுக்குள் போகாமலே ஒன்றை அணைத்து மற்றொன்றை ஏற்றலாம். பியானோவோடு ஸ்ட்ரிங்ஸை அடுக்குவது எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் ஸ்ட்ரிங்ஸின் அளவு பியானோவுக்கு வெகு கீழே இருக்க வேண்டும். அது இருப்பது நின்றால்தான் தெரிய வேண்டும். கட்டைகளை இரண்டாகப் பிரித்து இடப்பக்கம் பேஸ், வலப்பக்கம் பியானோ என்று வைப்பது பேஸ் கிட்டார் இல்லாத சிறு குழுவுக்கு உதவும். கச்சேரியின் பாட்டு வரிசைப்படி இவற்றைச் சேமித்து வைத்துக்கொண்டால் மேடையில் ஒரு பொத்தானோடு வேலை முடியும்.

இனி டிரான்ஸ்போஸ். இங்கே இரண்டு கட்சி உண்டு. ‘அரைக் கட்டை இறக்குங்க’ என்று பாடகர் கேட்டதும் பொத்தானைத் தட்டிவிட்டுப் பழைய விரலிலேயே வாசிப்பவர்கள் ஒரு பக்கம். அது கோழைத்தனம் என்பவர்கள் மறுபக்கம். மேடையில் அதைப் பயன்படுத்துவதில் தவறில்லை. பாடுபவருக்குத் தொண்டை சரியில்லாத நாளில் வாசிப்பவரின் பெருமையைவிடப் பாட்டு முக்கியம். வீட்டுப் பயிற்சியில் அதைத் தொடக்கூடாது. ஒரு கட்டை சி, இரண்டு டி, மூன்று ஈ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ என்று கணக்கு தெரிந்திருந்தும், விரல் சி-யில் மட்டுமே ஓடினால் கிட்டார்காரர் ‘என்ன ஸ்கேல்?’ என்று கேட்கும்போது தப்பான பதில்தான் வரும். வாரம் ஒரு பாட்டை ஐந்தரைக் கட்டைக்கு விரலாலேயே மாற்றி வாசித்துப் பார்த்தால் கறுப்புக் கட்டைகளின் பயம் போய்விடும்.

அதன் பக்கத்திலேயே இருக்கும் ‘மாஸ்டர் டியூன்’ வேறு வேலை செய்கிறது. அது அரைக் கட்டைக்கும் குறைவான நுணுக்க வேறுபாட்டைச் சரிசெய்யும். பழைய ஹார்மோனியத்தையோ நாகஸ்வரத்தையோ மேடையில் நின்றபடி பியானோவின் 440-க்குக் கொண்டுவர முடியாது. பியானோதான் அவற்றிடம் போக வேண்டும். நிகழ்ச்சி முடிந்ததும் அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர மறக்கக்கூடாது.

கம்ப்யூட்டரோடு இணைக்கும் யு.எஸ்.பி., மிடி வசதிகளைச் சில மாதம் தள்ளிப்போடலாம். 1983 ஜனவரியில் இரு வேறு கம்பெனிகளின் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்ட நாளிலிருந்து மிடி இருக்கிறது. நமக்காக இன்னும் கொஞ்சம் காத்திருக்கும். இணைக்கும் நாளில் ஒவ்வொரு ஸ்வரமும் இரட்டையாக ஒலித்தால் ‘லோக்கல்’ என்பதை ஆஃப் செய்ய வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

பெற்றோருக்குச் சொல்லவேண்டியது தனி. தமிழ்நாட்டில் பிள்ளைகள் எழுதும் ட்ரினிட்டி காலேஜ் லண்டன் தேர்வில் பியானோவுக்கு ஒரு பாடத்திட்டம், எலெக்ட்ரானிக் கீபோர்டுக்கு வேறொரு பாடத்திட்டம். பியானோ தேர்வுக்குப் போகும் பிள்ளையை லேசான 61 கட்டை கீபோர்டில் உட்கார வைத்தால் கை தயாராகாது. கீபோர்டு தேர்வுக்குப் போகும் பிள்ளைக்கு மேடைப் பியானோ வாங்கினால் அந்தப் பாடத்துக்கு வேண்டிய ரிதமே இருக்காது. எந்தத் தேர்வு என்று ஆசிரியரிடம் கேட்டு முடிவு செய்த பிறகே கடைக்குப் போக வேண்டும்.

வீட்டில் மட்டும் கற்கும் பிள்ளைக்கு சி.பி. 88 தேவையில்லை. யமஹா பி-145, ரோலண்ட் எஃப்.பி-10 போன்றவற்றில் 88 கனமான கட்டைகளும் உண்டு, ஸ்பீக்கரும் உண்டு. கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் மரப் பியானோவைச் சுருதியில் வைத்திருப்பது பெரும்பாடு என்பதால் இவை நம் வீடுகளுக்கு ஏற்றவை. ஆனால் இவற்றில் மேடைக்கான தனி அவுட்புட் இல்லை, ஹெட்போன் துளையிலிருந்துதான் ஒலியை எடுக்க வேண்டும். பிள்ளை நாளை சர்ச்சிலோ பள்ளி விழாவிலோ வாசிக்கப் போகிறது என்றால், அதே வரிசையில் அடுத்த விலையில் உள்ள மாடலின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

இந்தக் கருவிகளை விற்கும் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். லட்ச ரூபாய்க் கருவியைக் கொடுக்கும்போது டோன்களை வரிசையாக ஒலிக்கவிட்டுக் காட்டுவதோடு முடித்துவிடாதீர்கள். வாங்குபவரை உட்கார வைத்து, டச் அளவு, பெடல் இணைப்பு, மோனோ துளை, ஆட்டோ பவர் ஆஃப், சேமிக்கும் முறை ஆகிய ஐந்தையும் அவர் கையாலேயே செய்ய வையுங்கள். அரை மணி நேரம்தான் ஆகும். வாங்குகிறவர்களும் அந்த அரை மணி நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகே பணத்தைக் கட்டுங்கள்.